ஸ்மார்ட் போர்டு என்னை இறங்க விடவில்லை

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். கொடைக்கானலில் ஒரு பயிற்சிக் கூட்டம், திண்டுக்கல்லில் ஒன்று. போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்தத் தொழில்நுட்பத்தை உருப்படியாகப் பயன்படுத்தியதால்தான் நான் இன்னும் மலையில் கிடக்கிறேன். போர்டைத் துணி போட்டு மூடி வைத்தவர்கள் இடமாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

என் பள்ளி கூக்காலைத் தாண்டி இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழையில் மரம் விழுந்தால் அதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள், தலைமையாசிரியர், நான், சத்துணவு சமைக்கும் அக்கா. அவ்வளவுதான் பள்ளி. பூண்டு போடுகிறவர் ஒருவர் வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறேன். கணவரும் மகளும் வத்தலக்குண்டில். வெள்ளிக்கிழமை இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை ஏறுவேன். சனிக்கிழமை துவைக்கவும் சமைக்கவும் தூங்கவும் போய்விடும். ஊருக்குள் சிக்னல் இல்லை. கூக்கால் ஏரிக்கு மேலே ஒரு வளைவில் போய் நின்றால் செல்லில் ஒரு கோடு வரும். காட்டுமாடு நிற்காத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். நீ பத்தாவது படிக்கும்போது அம்மா வீட்டில் இருப்பேன், கணக்கை நான் சொல்லித் தருகிறேன் என்று. அவளுக்குக் கணக்கு என்றால் பயம். இத்தனை வருடம் ஊரான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அது கேவலமாக இருந்தது. அதற்காகத்தான் இறங்க நினைத்தேன். வேறு ஆசை இல்லை. இந்தக் குளிரும் இந்த மேகமும் சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கும்.

ஸ்மார்ட் போர்டு வந்த அன்று லாரி எங்கள் ஊருக்கு ஏற முடியவில்லை. பூண்டு மூட்டை ஏற்றும் ஜீப்பில் கம்பளியைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பெட்டி நிறைய டேப், பிள்ளைகளுக்கான கைக்கணினிகள். தலைமையாசிரியர் போர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அதற்கப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை.

பாடமெல்லாம் நெட்டில் இருக்கிறது, போட்டுக் காட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. நெட் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பயன்படுத்தியதற்குப் படம் மட்டும் தினமும் அனுப்ப வேண்டும். போர்டைப் போடுவேன், அது நீலமாக வெளிச்சம் காட்டும், பிள்ளைகளை அதற்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுப்பேன், அணைப்பேன், கரும்பலகைக்குப் போவேன். சாயங்காலம் வளைவுக்கு ஏறிப் படத்தை அனுப்புவேன். ஒரு பருவம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. அலுவலகத்திலிருந்து 'அருமை' என்று பதில் வரும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வாரம் வீட்டுக்குப் போனபோது கணவரின் நெட்டில் சில பாட வீடியோக்களை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். விதை முளைப்பது பற்றிய பாடம். போட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முடிந்ததும் கேள்வி கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "பாட்டு நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

கோபத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு அதே வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். இப்போது நீங்கள் பேசுங்கள் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன், விதை வீங்குகிறது என்றான். இன்னொருவன், அது வீங்கவில்லை, தண்ணி குடிக்கிறது என்றான். அப்போது, பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்த அந்தப் பெண் பேசினாள்:

"அந்த அண்ணன் ரொம்ப தண்ணி ஊத்துறாரு டீச்சர். வெதை அழுகிரும். வெவசாயம் தெரியாதவரு."

வகுப்பு அங்கேதான் ஆரம்பித்தது. வீடியோவில் வந்த அண்ணன் செய்வது சரியா தவறா என்று மணி அடிக்கும்வரை சண்டை போட்டார்கள். பூண்டுக்கு எவ்வளவு தண்ணீர், உருளைக்கு எவ்வளவு என்று எனக்கே சொன்னார்கள்.

அதிலிருந்து எனக்குக் கிடைத்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. படத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். ஏதாவது நடக்கப் போகிறது என்றால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்து என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொல்லட்டும். ஒருவரை ஒருவர் கேலி செய்யட்டும். பிறகு ஓடவிட்டால் தாங்கள் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகப் பார்ப்பார்கள். வேடிக்கை பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் முகத்திலேயே தெரியும். ஒரு பாடவேளையில் போர்டு ஓடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் அது கறுப்பாக நிற்கும், நாங்கள் பேசுவோம், எழுதுவோம், வெளியே போய்ப் பார்ப்போம். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

டேப்களில் இருந்த விளையாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டேன். குரல் பதிவு செய்கிற வசதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு நெட் வேண்டாம். பிள்ளைகள் ஒரு பக்கம் வாசித்துப் பதிவு செய்து தாங்களே கேட்க வேண்டும். அதே நான்காம் வகுப்புப் பெண் வாசிப்பில் மோசம். எழுத்தைக் கூட்டாமல் மனப்பாடமாக ஓட்டிவிடுவாள். நான் எத்தனை தடவை அதட்டியும் மாறவில்லை. தன் குரலை முதல் தடவை கேட்டதும் டேப்பைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது நானா டீச்சர்?"

"நீதான்."

"இம்புட்டு வெரசாவா படிக்கிறேன்? ஒண்ணுமே வெளங்கல."

யாரும் சொல்லாமலே மறுபடி வாசித்தாள். மறுபடியும். நான் பக்கத்திலேயே போகவில்லை.

இதை ஒரு நாள் வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது சனி. படம் எடுத்தார், எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினார். பள்ளங்கியிலிருந்தும் அடுக்கத்திலிருந்தும் ஆசிரியர்களை அனுப்பி எங்கள் வகுப்பைப் பார்க்கச் சொன்னார். அவர்கள் காலை பஸ்ஸில் வந்து, என் பாடத்தைப் பார்த்து, ஏரியைப் பார்த்து, கேரட் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போனார்கள்.

மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிற அந்தக் கோடையில் கலந்தாய்வு வந்தது. வத்தலக்குண்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. ஆணை கைக்கு வந்த அன்று வளைவுக்கு ஓடிப் போய் மகளிடம் சொன்னேன். ஆனால் ஆணை இருந்தால் போதாது. பழைய பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டும். தலைமையாசிரியர் என் இடத்துக்கு ஆள் வரட்டும் என்றார். யார் வருவார்கள்? கூக்காலுக்கு அந்தப் பக்கம் என்றதும் போட்ட ஆளெல்லாம் மெடிக்கல் லீவில் போய்விடுகிறார்கள்.

நான்கு மாதம் காத்துப் பார்த்துவிட்டு அலுவலரிடம் போனேன். அவர் காரணத்தை மறைக்கவில்லை. நான் இறங்கினால் போர்டுக்குத் துணி போட்டுவிடுவார்கள், அதை நடத்த வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தீபாவளி கழிந்து மேலிடத்திலிருந்து ஒரு குழு எங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறது. அது நல்லபடியாகப் போனால் மறுநாளே விடுவித்துவிடுவதாகச் சொன்னார். காலாண்டுத் தேர்வு அப்போதே முடிந்திருந்தது. மகளிடம் தீபாவளி கழிந்து வந்துவிடுவேன் என்றேன். அவள் சரி என்றாள்.

தலைமையாசிரியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள் என்று அதையும் செய்து பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை போர்டு முன்னால் நிறுத்துவேன். விரலை எங்கேயோ வைப்பார், அது எங்கேயோ போகும். "எனக்கு சாக்பீஸ் போதும் டீச்சர்" என்பார். மனுஷன் அவ்வளவு மந்தம் இல்லை. கீழே தன் ஊர் வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசுகிறவர்தான். அவர் கற்றுக்கொண்டால் நான் போய்விடுவேன், ஐந்து வகுப்பையும் அவர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். அதனால் கற்றுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை மேலேயிருந்து மட்டும் பெய்யாது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். சாக்பீஸ் நமுத்துப்போகும், புத்தகம் பூசணம் பிடிக்கும். டேப்கள் ஒவ்வொன்றாக மக்கர் செய்தன. தீபாவளி விடுமுறைக்கு இறங்கும்போது சமையல் அக்காவிடம் பள்ளிச் சாவியைக் கொடுத்தேன். ஈரம் ஏறினால் டேப் செத்துவிடும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், குழு வருகிற நேரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா பூண்டுக்காரி. சத்துணவுச் சோலி முடிந்தால் தன் துண்டுக் காட்டில்தான் இருப்பார். இந்தப் பக்கம் விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக முடிந்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். அடியில் விறகு புகைந்துகொண்டே இருக்கும். புகை படப் பட ஈரம் போய்விடும், அடுத்த நடவு வரைக்கும் முளைக்காது, அழுகாது. ஈரத்திலிருந்து எதைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும் இவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பான இடம் அதுதான்.

விடுமுறை முடிந்து வந்தேன். பள்ளி அலமாரி காலியாக இருந்தது.  அக்கா சிரித்துக்கொண்டே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அடுக்களைக்குள் கண்ணைத் திறக்க முடியாத புகை. பரணில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு சாக்கு தொங்கியது. எல்லா டேப்பும் அதற்குள்.

"ஒரு பொட்டு ஈரம் ஏறல டீச்சர். ஊரே தீவாளி கொண்டாடுது, நான் அடுப்பவிட்டு நகரல. தீய அமிய விடல."

இறக்கிப் பார்த்தேன். கறுப்பாகப் புகை ஏறியிருந்தது. பேட்டரி பணியாரம் மாதிரி உப்பி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்றும் உயிரோடு இல்லை. பூண்டு ரசம் மாதிரி ஒரு வாசம்.

"நல்லா காஞ்சிருச்சுல்ல டீச்சர்?"

"காஞ்சிருச்சுக்கா. இதுக்கு மேல காய ஒண்ணும் இல்ல."

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் திட்டினேன். கேட்கக் கூடாத வார்த்தைகூட வந்தது.  அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் விஷயத்தைக் கேட்டதும், அந்த அம்மா மேல் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். எழுதினால் அக்காவின் வேலை போய்விடும். நான் வேண்டாம் என்றேன். என் நல்ல மனசு காரணம் இல்லை. எழுதினால் விசாரணை வரும். சாவியைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். விசாரணை முடியும்வரை நான் இந்த ஊரைவிட்டு அசைய முடியாது. குழு நல்லபடியாகப் போனால் மறுநாளே இறங்கலாம். அதை மட்டும்தான் நினைத்தேன். சாக்கை அப்படியே இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினோம்.

குழு வந்த அன்று மழை விடவில்லை. ஜீப்பிலிருந்து குடை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அலுவலர் அவர்களுக்குப் பின்னால் நின்றார். தலைமை தாங்கி வந்த அம்மாள் வகுப்பின் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

டேப்புக்குப் பதிலாக என் செல்லைக் கொடுத்தேன். வகுப்புக்கே ஒரு செல். ஒரு பிள்ளை வாசித்துப் பதிவு செய்ய, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுத் திருத்தினார்கள். ஆளுக்கு ஒரு டேப் இருந்தபோது ஒவ்வொருவரும் தன் குரலை மட்டும் கேட்டார்கள். ஒன்றே ஒன்று என்றதும் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். நானே அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். டேப் எங்கே என்று அந்த அம்மாள் கேட்டார். கெட்டுப்போய்விட்டது, இந்த மலையில் எதுவும் நிற்காது என்று சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு போர்டு. மேகம் எப்படி உண்டாகிறது என்ற பாடம். கடல் தண்ணீர் சூடேறி ஆவி மேலே போகிற இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. போர்டு இருட்டாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். 

பிள்ளைகள் பேச்சை நிறுத்தவில்லை. மேகம் வானத்தில் இருக்கும் என்று ஒருவன் சொன்னான். ஏலே, வாசலில் நிற்பது என்ன என்று இன்னொருவன் கேட்டான். அது மேகம் இல்லை, பனிமூட்டம் என்றான் இவன். கீழே வத்தலக்குண்டிலிருந்து பார்த்தால் நம் ஊரே மேகத்துக்குள்தான் இருக்கும், எங்க மாமா சொன்னார் என்றாள் ஒருத்தி. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். வெள்ளையாக உள்ளே வந்தது. போர்டின் கறுப்புக் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் பூத்தது. போன வருடம் நான்காம் வகுப்பில் இருந்த அந்தப் பெண் எழுந்துபோய் அதில் விரலால் கோடு போட்டாள். கோட்டிலிருந்து ஒரு சொட்டு வழிந்து இறங்கியது.

"இந்தா, மழை" என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் எழுந்து நின்று படம் எடுத்தார்.

நான் அந்த நிமிடம் சந்தோஷப்பட்டேன். பெட்டியில் எதை வைக்க வேண்டும், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்றுகூட மனதில் ஓடியது.

குழு ஏரியைப் பார்க்கப் போனது. அலுவலர் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு என்னை விடுவித்துவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"மாதிரிப் பள்ளின்னு எழுதிட்டாங்க டீச்சர். இப்ப உங்கள விட்டா என்னயத்தான் கேப்பாங்க. இந்த வருசம் முடியட்டும்."

"நல்லா நடந்தா மறுநாளே விடுறேன்னு சொன்னீங்க சார்."

"இம்புட்டு நல்லா நடக்கும்னு நான் நெனக்கலயே."

"என் மக பத்தாவது படிக்கிறா சார். வருசம் முடிஞ்சா பரீச்சையும் முடிஞ்சிரும்."

"எல்லாருக்கும்தான் பிள்ளைக இருக்கு டீச்சர்."

"உங்க பிள்ளைக உங்க வீட்ல இருக்கு சார்."

 அவர் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மேலதிகாரியை எதிர்த்துப் பேசினால் கீழே உள்ள ஆசிரியரை மலைக்குத் தூக்கிப் போடுவார்கள். என்னைத் தூக்கிப் போட இதற்கு மேலே ஊர் இல்லை.

சமையல் அக்கா கொட்டகையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் கெடுத்ததுனாலதான் உங்கள விட மாட்டேங்குறாங்களா டீச்சர்?"

"இல்லக்கா. நீங்க கெடுத்தது பத்தல."

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. முழுசாகக் கெட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். விசாரணை வைத்து இன்னும் இறுக்கியும் இருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்திருக்கிறது. இதில் எதற்கு அவரைத் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் இறங்கினேன். எப்படிச் சொல்வது என்று வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே போனேன். வெள்ளி இரவு சொல்லவில்லை. சனிக்கிழமையும் வாய் வரவில்லை. ஞாயிறு காலை மகள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் விட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லம்மா. நான் ஜூன்லயே ட்யூஷன் சேந்துட்டேன்."

"ஜூன்லயேவா? ஏன் சொல்லல?"

"நீ வந்துருவேன், வந்துருவேன்னு சொல்லிக்கிட்டே இருந்த. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். புரிகிறது, முன்ன மாதிரி பயம் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெஸ்ட் வைக்கிறார்களாம். நான் ஊரில் இருக்கிற நேரத்தில் போக வேண்டாம் என்று இத்தனை நாள் வேறு நேரம் கேட்டு வாங்கியிருந்தாளாம். இனி அது வேண்டாம், எல்லாரும் போகிற நேரத்துக்கே போய்விடுகிறேன் என்றாள். சைக்கிளை எடுத்து வாசலில் திருப்பினாள். ஏறும்போது, பஸ்ஸில் ஜன்னலை மூடிக்கொள், உனக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சோறு வடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.